கேஷுவாலிட்டியில் கையடக்க எக்கோ: பிஜி டாக்டர்கள் கையில் எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

நெஞ்சில் வைத்து ஒலியலை அனுப்பும் ஒரு ப்ரோப், ஒரு டேப்லெட், ஒரு பாட்டில் ஜெல். அவசர மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் பிஜி டாக்டர்கள் படுக்கை ஓரத்திலேயே எக்கோவில் இதயத்தைப் பார்க்க இன்றைக்கு இவ்வளவு போதும். 2010-ல் ஜிஇ கொண்டுவந்த விஸ்கேன், மடக்கும் செல்போன் போல இருந்தது. 2015-ல் பிலிப்ஸின் லூமிஃபை, டேப்லெட்டில் நேரே செருகும் ப்ரோப்பாக வந்தது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டர்ஃப்ளை ஐக்யூ, ஒலியலை எழுப்பும் படிகத்துக்குப் பதிலாக சிப்பை வைத்து, உச்சி முதல் பாதம் வரை ஒரே ப்ரோப்பால் பார்க்கலாம் என்றது. இப்போது இந்த ரகத்தில் பல கம்பெனிகள் இருக்கின்றன. விலை சில லட்சம். டிராலியில் தள்ளிக்கொண்டு வரும் பெரிய எக்கோ மெஷினோடு ஒப்பிட்டால் ஒரு சிறு பங்குதான்.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் துறைத் தலைவர்களும் கேட்கிறார்கள், கைக்காசு போட்டு வாங்க நினைக்கும் பிஜிக்களும் கேட்கிறார்கள்: வாங்கலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு கேள்விகளுக்காக வாங்கலாம். இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா? இடது வென்ட்ரிக்கிள், அதாவது எல்வி, நன்றாகச் சுருங்குகிறதா? வலது வென்ட்ரிக்கிளான ஆர்வி வீங்கியிருக்கிறதா? நாடி நின்றவரின் இதயத்தில் அசைவு உண்டா? ஐவிசி என்ற பெரிய சிரையைப் பார்ப்பது ஐந்தாவது. அதை அரைக் கேள்வி என்றுதான் எண்ண வேண்டும். இதற்கு மேல் கேட்டால் கருவி ஏதோ ஒரு பதிலைக் காட்டும். அந்தப் பதிலை நம்பக்கூடாது.

எடுத்த படத்தை மறுநாளாவது உட்கார்ந்து பார்த்துத் திருத்த ஓர் ஆள் இல்லாத துறைக்கு வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் பின்னால் வருகிறது.

கருவி

இரண்டு ரகம். பழைய முறையில் படிகம் வைத்த ஃபேஸ்டு அர்ரே ப்ரோப், சுமார் 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ் வரை. தலை சிறியது, விலா எலும்புகளுக்கு நடுவே உட்காரும். சிப் ப்ரோப்பின் தலை அதைவிட அகலம். நெஞ்சு ஒடுங்கிய, ஒல்லியான வயதானவர்களுக்கு அந்தத் தலையின் இரண்டு ஓரமும் விலாமேல் ஏறிக்கொள்ளும். திரையின் இரு பக்கமும் கறுப்புத் திரைச்சீலை விழுந்த மாதிரி நிழல் தட்டும். பழைய டிபியில் நுரையீரல் சுருங்கிப்போனவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இதயம் மட்டுமே முக்கியம் என்றால் சிறு தலை உள்ளதை வாங்குங்கள். வயிறு, நுரையீரல், சிரை எல்லாவற்றையும் ஒரே ப்ரோப்பில் பார்த்தாக வேண்டும் என்றால் சிப் ரகம் சௌகரியம்.

சென்னையில் முதல் எதிரி சூடு. இந்த ப்ரோப்கள் வேலை செய்யும்போது தாமாகவே சூடாகும். நோயாளியின் தோலைக் காக்க, ஒரு அளவுக்கு மேல் போனால் தாமாகவே படத்தை நிறுத்திவிடும். கத்திரி வெயிலில் ஏசி எட்டாத மூலையில், அடுத்தடுத்து நாலு பேருக்குப் பார்த்தால் நிச்சயம் நிற்கும். சுலபமான வழி, ஒரு கோணம் கிடைத்ததும் கிளிப்பைப் பதிந்துவிட்டு ஃப்ரீஸ் போடுவது. கதை பேசிக்கொண்டே லைவ்வில் விட்டுவைப்பவர்கள் கையில்தான் ப்ரோப் கொதிக்கும். டேப்லெட்டுக்கும் இதே கதி. சூடானதும் அது திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டியூப் லைட்டுக்கு நேர்கீழே மங்கிய திரையில் பெரிகார்டியல் நீரை, அதாவது இதயத்தைச் சுற்றிய நீரைத் தேடினால், மெல்லிய நீர்ப்படலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தலைமாட்டு விளக்கை அணையுங்கள். முடியாவிட்டால் ஒரு கேஸ் ஷீட்டால் திரைக்குக் கூரை போட்டுப் பாருங்கள்.

வயர் உள்ள ப்ரோப்புக்கு உயிர்நாடி வயரின் கழுத்து. டேப்லெட்டைச் சுற்றி வயரை இறுக்கிச் சுருட்டி ஏப்ரன் பாக்கெட்டில் திணிப்பதால்தான் முதல் பழுது வருகிறது. வயர்லெஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை, சார்ஜ் கவலை உண்டு. பத்துப் பதினைந்து செல்போன்கள் நெருங்கிக் கிடக்கும் ரெட் ஸோனில், அதாவது ஆபத்தான நிலையில் வருகிறவர்களுக்கான பகுதியில், படம் ஒரு நொடி பின்தங்குவதும் உண்டு. நெஞ்சை அமுக்கி உயிர்மீட்கும் சிபிஆர் நடுவே அந்த ஒரு நொடி பெரிது. ஆகவே அவசரப் பிரிவுக்கு வயர் உள்ளதையே பரிந்துரைக்கிறோம்.

வாங்குமுன் விற்பனையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை: எம் மோடு (ஒரே கோட்டில் வரும் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டுவது) இருக்கிறதா, கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) இருக்கிறதா, கிளிப்பின் நீளத்தை நாமே மாற்ற முடியுமா, ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த வசதி நிற்கும், இன்டர்நெட் இல்லாதபோது படம் சேமிக்குமா. கடைசி இரண்டையும் எழுதி வாங்குங்கள். டெமோவில் கம்பெனி ஆள் தன் நெஞ்சிலேயே வைத்து அருமையான படம் காட்டுவார். முப்பது வயது, ஒல்லி உடம்பு, இடது பக்கம் சாய்ந்து படுத்திருப்பார். அதைப் பார்த்து முடிவெடுக்காமல், வென்டிலேட்டரில் மல்லாந்து கிடக்கும், சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு உள்ள ஒரு நோயாளிக்கு வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மார்க்கர் என்னும் பொறி

பிஜிக்கள் செய்யும் பிழைகளில் ஆபத்தானது இது. ப்ரோப்பின் ஓரத்தில் ஒரு மேடு அல்லது கோடு இருக்கும், அதுதான் மார்க்கர். திரையிலும் அதற்கு ஒரு புள்ளி உண்டு. ஒவ்வொரு உறுப்புக்கும் கருவியில் முன்பே வைத்திருக்கும் அமைப்புதான் ப்ரீசெட். கார்டியாக் ப்ரீசெட்டில் அந்தப் புள்ளி திரையின் வலப்பக்கம், வயிற்று ப்ரீசெட்டில் இடப்பக்கம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி இடித்து வந்தவருக்கு ஃபாஸ்ட், அதாவது உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேடும் ஸ்கேன், பார்த்து முடித்த கையோடு, ப்ரீசெட்டை மாற்றாமல் ப்ரோப்பை நெஞ்சுக்கு ஏற்றினால் படம் இடம் வலமாகப் புரண்டுவிடும். இதயத்தின் நுனியிலிருந்து பார்க்கும் ஏப்பிக்கல் கோணத்தில் எல்வி இருக்க வேண்டிய பக்கம் ஆர்வி நிற்கும். பார்ப்பவர், 'ஆர்வி இவ்வளவு பெரிசா இருக்கே, பல்மனரி எம்பாலிசம்' என்று, அதாவது நுரையீரல் குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று எழுதிவிடுவார். உண்மையில் அவர் பார்த்தது நல்ல ஆரோக்கியமான எல்வி. அதன்பேரில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறினால், விபத்தில் அடிபட்டவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதிக்க ஐந்து நொடி போதும். ஜெல் தடவிய ப்ரோப்பின் மார்க்கர் ஓரத்தை விரல்நுனியால் தட்டுங்கள். திரையில் எந்தப் பக்கம் படபடக்கிறதோ, அந்தப் பக்கம்தான் புள்ளியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் செய்ய வேண்டும். உடற்கூறும் உதவும்: வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வு, இடப்பக்க மைட்ரல் வால்வைவிட இதயத்தின் நுனிக்குச் சற்று அருகில் ஒட்டியிருக்கும். ஆர்விக்குள் குறுக்கே ஒரு தசைப் பட்டை ஓடும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலே ஆர்வி எது என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

பிளாக்ஸ், நிதானமாக

நெஞ்செலும்பை ஒட்டி இதயத்தை நீளவாக்கில் பார்க்கும் பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸ் கோணத்தை வார்டில் எல்லோரும் பிளாக்ஸ் என்றே சொல்கிறார்கள். ஒரே ஒரு கோணம்தான் கற்றுத்தர நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொடுங்கள். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் 30 டிகிரி உயரட்டும். முடிந்தால் நோயாளி இடது பக்கம் சாயட்டும். 'ஐயா, இடது கைய தலைக்கு மேல வச்சுக்குங்க, லேசா இந்தப் பக்கம் திரும்புங்க' என்றால் போதும். கை மேலே போனதும் விலா இடைவெளி விரியும். சாய்ந்ததும் நுரையீரல் விலகி இதயம் நெஞ்சுச் சுவருக்கு வரும். பாதிப் படம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. மூச்சு வாங்குகிறவரைப் படுக்கவைக்கப் போராட வேண்டாம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

மூன்றாவது அல்லது நான்காவது விலா இடைவெளி, நெஞ்செலும்பை ஒட்டி இடப்பக்கம். ப்ரோப் தோலுக்குச் செங்குத்து. மார்க்கர் வலது தோளைப் பார்க்கட்டும். ஆழம் முதலில் 20 செ.மீ. வையுங்கள், இதயத்துக்குப் பின்னால் நீர் உண்டா என்று பார்க்க அது வேண்டும். பிறகு 15, 16-க்குக் குறையுங்கள். கையின் சுண்டுவிரல் பக்கம் நோயாளியின் நெஞ்சிலேயே ஊன்றி இருக்க வேண்டும். அந்தரத்தில் பிடித்த ப்ரோப் ஜெல்லில் வழுக்கிக்கொண்டே போகும்.

புதியவர் செய்வது, படம் வராவிட்டால் உடனே ப்ரோப்பைத் திருகுவது. முதலில் நகர்த்துங்கள்: ஓர் இடைவெளி மேலே, ஓர் இடைவெளி கீழே, எலும்பை நெருங்கி, விலகி. நல்ல இடம் கிடைத்த பிறகு சாய்ப்பது, கடைசியில்தான் சுழற்றுவது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறவருக்கு எது பலன் தந்தது என்றே தெரியாது. 'மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

மைட்ரல், அயோர்ட்டிக் வால்வுகள் இரண்டும் ஒரே படத்தில், எல்வி ஏறக்குறைய கிடைமட்டமாக, பின்னால் கீழே உருண்டையாக இறங்கு அயோர்ட்டா என்ற பெருந்தமனி. இது வந்தால் படம் சரி. மைட்ரலின் முன் இதழ், எல்வி விரியும்போது நடுச்சுவரைத் தொடும் அளவுக்கு வந்து போக வேண்டும். எம் மோடில் இதழின் உச்சிக்கும் சுவருக்கும் உள்ள தூரம் 7 மி.மீ.க்கு மேல் என்றால் சுருக்கம் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஆனால் இங்கே ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வால்வு குறுகிப்போன மைட்ரல் ஸ்டெனோசிஸில் இதழ் முழுக்கத் திறப்பதே இல்லை. அங்கே எல்வி நன்றாக இருந்தும் தூரம் அதிகம் காட்டும். இதழ் ஹாக்கி மட்டை போல நடுவில் வளைந்து நின்றால் அளவை விட்டுவிடுங்கள். அயோர்ட்டிக் வால்வு கசிந்தாலும் இதே ஏமாற்றம்தான். சுவர்கள் உள்நோக்கி வருவதையும் தடிப்பதையும் கண்ணால் பார்த்து 'நன்று, குறைவு, மிகக் குறைவு' என மூன்று சொல்லில் எழுதினால் போதும். இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் எல்வி வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 43 சதவீதம் என்றெல்லாம் கையடக்கக் கருவியில் எழுதுவது வீண் துல்லியம்.

இதே படத்தில் அயோர்ட்டாவின் வேர் 4 செ.மீ.க்கு மேல் இருந்தால், கிழிந்திருக்கிறதா என்று சிடி எடுக்க அது வலுவான காரணம். 4-க்குள் இருந்தால் கிழியவில்லை என்று பொருள் இல்லை.

நீர்: இங்கேதான் கருவி காசுக்கு வேலை செய்கிறது

டிபி, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் மூன்றும் இந்தப் பக்கத்தில் குறைவில்லை. டயாலிசிஸ் தவறிப்போய் மூச்சு முட்டி வருகிறவரை நுரையீரலில் நீர் என்று மட்டும் நினைத்து விட்டுவிட்டால், இதயத்தைச் சுற்றிய நீர் தெரியாமலே போய்விடும். ப்ரோப் வைத்த முப்பதாவது நொடியில் அது தெரியும்.

பிளாக்ஸில் இறங்கு அயோர்ட்டாவைத் தேடுங்கள். அதற்கு முன்னால், அதாவது இதயத்துக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவில் கறுப்புப் பட்டை நுழைந்தால் பெரிகார்டியல் நீர். அயோர்ட்டாவுக்குப் பின்னால் இருந்தால் அது இடது நுரையீரல் உறையின் நீர். இந்த ஒரு அடையாளம் தெரியாமல் நெஞ்சில் ஊசி போடப் போனால் உயிர்ப்பழி. முன்பக்கம் மட்டும் தெரியும், உள்ளே சாம்பல் புள்ளிகள் உள்ள, இதயத்தோடு சேர்ந்தே ஆடும் பட்டை பெரும்பாலும் கொழுப்பு. விரியும்போது எடுத்த அளவில் 1 செ.மீ.க்குள் சிறிது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் பெரிது.

அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். கத்திக்குத்தில் வேகமாகச் சேரும் கொஞ்சம் ரத்தமே இதயத்தை நெரித்துவிடும். டிபியில் மெல்ல மெல்லச் சேரும் நீர் லிட்டர் கணக்கில் இருந்தும் நோயாளி நடந்தே வருவார். ஆர்வியின் சுவர் விரியும் நேரத்தில் உள்ளே குழிகிறதா, ஐவிசி பருத்து அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நீர் இதயத்தை நெரிக்கும் நிலைதான் டாம்பனேட். பருத்த ஐவிசி இல்லாத டாம்பனேட் அபூர்வம், ரத்தம் நிறைய இழந்தவரிடம் மட்டும் அப்படி வரலாம். உறைந்த ரத்தம் கறுப்பாகத் தெரியாது, சாம்பல் நிறத்தில் இதயத் தசையோடு கலந்து நிற்கும். குத்துக்காயத்தில் 'கறுப்பு இல்லை, ஆகவே நீர் இல்லை' என்று எழுதிய தாளில் இருப்பது மிகப் பெரிய தவறு.

நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு அடியிலிருந்து பார்க்கும் சப்ஸைஃபாய்டு கோணத்துக்கு ப்ரோப்பைப் பேனா போலப் பிடிக்காமல், மேலிருந்து உள்ளங்கையால் மூடிப் பிடிக்க வேண்டும். வயிற்றோடு ஏறக்குறையப் படுத்த நிலை, கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து கல்லீரலை ஜன்னலாக்கிக்கொண்டு, ஆழம் 20 செ.மீ. நோயாளி முழங்காலை மடக்கினால் வயிற்றுத் தசை தளரும். 'மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கம்மா' என்றால் இதயம் கீழே இறங்கி வரும். இங்கே பிளாக்ஸுக்கு நேர்மாறாக, உள்ளிழுத்த மூச்சுதான் கைகொடுக்கும்.

ஆர்வியும் ஐவிசியும்

இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் ஏப்பிக்கல் ஃபோர் சேம்பர் கடினமான கோணம். பயிற்சியின் முதல் மாதங்களில் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ப்ரோப் நுனியில் இல்லாமல் உள்பக்கம் நகர்ந்திருந்தால் ஆர்வி பெரிதாகவும் எல்வி குட்டையாகவும் தெரியும். ஆர்வி, எல்வியின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். சமமாகவோ மிஞ்சியோ நின்றால் தீவிரம். ஆனால் இதயத்தைக் குறுக்குவெட்டில் பார்க்கும் ஷார்ட் ஆக்சிஸிலோ சப்ஸைஃபாய்டிலோ அதையே இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். ஷார்ட் ஆக்சிஸில் உருண்டையாக இருக்க வேண்டிய எல்வி, ஆங்கில 'டி' எழுத்து போலத் தட்டையானால் ஆர்வியில் அழுத்தம் ஏறியிருக்கிறது.

ஏறியது இன்றா, பத்து வருஷம் முன்பா என்பதுதான் வடசென்னையில் அடுத்த கேள்வி. பீடி, பழைய டிபி, சிஓபிடி, இவற்றால் ஆர்வி முன்பே பருத்தவர்கள் நிறைய. சப்ஸைஃபாய்டில் ஆர்வியின் வெளிச்சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அது நாள்பட்ட கதை. திடீர் எம்பாலிசத்தில் சுவர் தடிக்க நேரம் இருந்திருக்காது. ஆர்வி பெரிது என்று மட்டும் எழுதாமல் சுவரின் தடிமனையும் எழுதும் பிஜி நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

ஐவிசி 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூக்கால் சட்டென்று உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது ஏட்ரியத்தின், அதாவது வலது மேலறையின், அழுத்தம் குறைவு. அதற்கு மேல் பருத்து, பாதிகூடச் சுருங்காவிட்டால் அதிகம். அவ்வளவுதான் அது சொல்லும். 'எத்தனை பாட்டில் போடலாம்' என்று அது சொல்லாது. டெங்கு சீசனில் ஐவிசியை மட்டும் பார்த்து சலைனை ஓட்டும் பழக்கம் பரவியிருக்கிறது, அது கெடுதல். ப்ரோப் சற்று நழுவினாலே குழாயின் ஓரத்தை வெட்டிக் காட்டி, சுருங்கிவிட்டதாக ஏமாற்றும். பக்கத்தில் துடிக்கும் தடித்த சுவர்க் குழாய் அயோர்ட்டா. கல்லீரல் வழியே ஏட்ரியத்தில் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் அது ஐவிசி. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தா.

சிபிஆர் நடுவே

இங்கே இந்தக் கருவி உயிரைக் காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். நாடி பார்க்க 10 நொடிதான் அனுமதி. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் பார்த்தபோது அந்த இடைவெளி சராசரி 21 நொடியாக நீண்டது. பார்க்காதபோது 13. படம் தேடும் ஒவ்வொரு நொடியும் மூளைக்கு ரத்தம் போகாத நொடி.

ஆகவே முறை இப்படி இருக்க வேண்டும். கிளிப் நீளத்தை முன்பே 6 நொடிக்கு வைத்துவிடுங்கள். அமுக்கிக்கொண்டிருக்கும்போதே ப்ரோப் சப்ஸைஃபாய்டில் போய் உட்காரட்டும். கல்லீரலும் ஆடும் இதயமும் அப்போதே திரையில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்தச் சுற்றில் பார்க்கவே வேண்டாம். தலைமை தாங்குபவர் ப்ரோப்பைத் தொடக்கூடாது, பார்வை திரையில் சிக்கிக்கொள்ளும். 'நிறுத்து' என்றதும் பதிவு பட்டன். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுகிறார். பத்துக்கு முன் ப்ரோப் எடுபட்டு, கை நெஞ்சில் விழுகிறது. என்ன தெரிந்தது என்பதை அமுக்கத் தொடங்கிய பிறகு கிளிப்பை ஓட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஜெல்லைத் துணியால் ஒற்றி எடுக்க ஒருவர் தயாராக இருக்கட்டும். ஜெல் வழிந்தால் அமுக்கும் கை வழுக்கும், ஷாக் கொடுக்கும் பேடும் ஒட்டாது.

இதயத் தசை சுருங்குவதுதான் அசைவு. வால்வு மட்டும் படபடப்பதோ, உள்ளே ரத்தம் சுழல்வதோ, மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கும்போது எல்லாம் ஆடுவதோ கணக்கில் வராது. 2016-ல் வெளியான, 793 பேரை உள்ளடக்கிய வட அமெரிக்க ஆய்வில், ஷாக் கொடுக்க முடியாத ரகத்தில் இதயம் நின்றவர்களில் அசைவே இல்லாதவர்களில் 0.6 சதவீதம் பேரும், அசைவு தெரிந்தவர்களில் 3.8 சதவீதம் பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். அசைவு இல்லை என்பது வலுவான தகவல். ஆனால் சிபிஆரை நிறுத்த அது ஒன்றே காரணமாகக் கூடாது. இன்னொன்று, இதயம் நின்ற சில நிமிடங்களில் எந்தக் காரணமானாலும் ஆர்வி வீங்கும். அந்த நேரத்துப் பெரிய ஆர்வியை மட்டும் பார்த்து எம்பாலிசம் என்று சொல்லிவிடக்கூடாது.

இதை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

நெஞ்சுவலி, ஈசிஜியில் சந்தேகம், பிஜி ப்ரோப் வைத்துப் பார்த்து 'எக்கோ நார்மல்' என்கிறார். இந்த இரண்டு சொல்லைத் துறையில் தடைசெய்ய வேண்டும். சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் இருப்பதைக் கண்டுபிடிப்பது கார்டியாலஜி எக்கோவிலேயே பழகிய கண்ணுக்குரிய வேலை. கையடக்கத் திரையில், அரைகுறைக் கோணத்தில் அதைத் தேடக்கூடாது. ஹார்ட் அட்டாக்கை ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சொல்லட்டும். ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்திருந்தால் எக்கோவுக்காக ஒரு நிமிடம்கூட நிற்காமல், அடைப்பைத் திறக்கும் கேத் லேபுக்கு.

கேஸ் ஷீட்டில் எழுத நாங்கள் பரிந்துரைக்கும் வாசகம் இவ்வளவே: 'பெட்சைடு, குறிப்பிட்ட கேள்விக்காக மட்டும். பெரிகார்டியல் நீர் இல்லை. எல்வி சுருக்கம் கண்ணளவில் நன்று. ஆர்வி பெரிதல்ல. ஏப்பிக்கல் கோணம் கிடைக்கவில்லை. வால்வுகள் மதிப்பிடப்படவில்லை. முழு எக்கோ தேவை.' கிடைக்காத கோணத்தைக் கிடைக்கவில்லை என்று எழுதும் துணிவு பிஜிக்கு வர வேண்டும். அது வர, அப்படி எழுதியவரை ரவுண்ட்ஸில் யாரும் திட்டாமல் இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள எத்தனை?

அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டு நெறி ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 ஸ்கேன் என்கிறது. அதுவும் சும்மா ஸ்கேன் அல்ல, இன்னொருவர் பார்த்துச் சரிசொன்ன ஸ்கேன். இங்கே பலர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். திருத்த ஆள் இல்லாமல் ஐம்பது எடுத்தவர் ஒரே தவறை ஐம்பது முறை பழகியிருப்பார். ரெட் ஸோனில் கூட்டம் இல்லாத விடியற்காலைகளில், நிலையாக இருக்கும் நோயாளிகளிடம் சொல்லி ஒப்புதல் வாங்கி, முதல் 25-ஐ எடுப்பது நல்லது. நீர் உள்ளவர், எல்வி தளர்ந்தவர் எனக் கோளாறு உள்ள படங்கள் அதில் சிலவாவது வேண்டும். எல்லாம் நார்மலாகவே பார்த்த கண்ணுக்குக் கோளாறு பிடிபடாது.

வாரம் ஒரு மணி நேரம், புரொஃபசரோ கார்டியாலஜி நண்பரோ உட்கார்ந்து எல்லாக் கிளிப்பையும் ஓட்டினால் போதும். படம் எடுத்த விதம் தனி, படித்த விதம் தனி என்று இரண்டு மதிப்பெண் கொடுங்கள். அன்று மாலையே கார்டியாலஜி எடுத்த முழு எக்கோ ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நோயாளி பெயர் தெரியும் கிளிப்பைச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்புவது சரியல்ல. உள்நோயாளிக்குரிய ஐபி எண்ணோடு துறையின் டேப்லெட்டிலேயே இருக்கட்டும்.

சட்டமும் பராமரிப்பும்

சட்டைப்பையில் அடங்கினாலும் இது, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டத்துக்கு உட்பட்ட அல்ட்ராசவுண்ட் மெஷின்தான். கருவியின் எண் பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். 2012 விதித் திருத்தத்தின்படி, எடுத்துச் செல்லக்கூடிய மெஷினைப் பதிவான வளாகத்துக்குள்தான் பயன்படுத்தலாம். பதிவான நடமாடும் மருத்துவ வண்டிக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. கைக்காசில் வாங்கிப் பகலில் ஒரு ஆஸ்பத்திரி, இரவில் இன்னொரு நர்சிங் ஹோம் என்று பையில் போட்டுச் சுற்றுவது பிஜிக்குப் பெரிய சிக்கலில் முடியும். தனியாக வாங்குவதைவிட, துறையின் பெயரில் வாங்கிப் பதிவுசெய்து பகிர்ந்துகொள்வதே நல்லது என்று சொல்ல இதுவே முதல் காரணம்.

ஐந்து லிட்டர் கேனிலிருந்து ஜெல்லை ஊற்றி ஊற்றி ஒரே பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்புகிறார்கள். அதில் கிருமி வளரும். பாட்டில் காலியானதும் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள், பாதியில் மேல்நிரப்பாதீர்கள். திறந்த காயம், ஊசி போடும் இடம் என்றால் ஸ்டெரைல் ஜெல் பாக்கெட்தான். நோயாளிக்கு நோயாளி ப்ரோப்பை முதலில் ஜெல் போகத் துடைத்து, பிறகு கம்பெனி அனுமதித்த துடைப்பானால் துடைக்க வேண்டும். கைக்குக் கிடைத்த ஸ்பிரிட்டைத் தடவினால் சில ப்ரோப்களின் ரப்பர் முகம் காலப்போக்கில் இறுகி வெடிக்கும்.

ப்ரோப் ஒருமுறை கீழே விழுந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் சோதியுங்கள். முகத்தில் துளி ஜெல் வைத்து, பேப்பர் கிளிப் ஒன்றை ஓரத்திலிருந்து ஓரம் மெல்ல இழுங்கள். ஒவ்வொரு இடத்திலும் திரையில் பளிச்சென்ற கோடு கூடவே நகர வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் அங்கே படிகம் செத்திருக்கிறது. அந்தக் கறுப்புக் கோடுதான் நாளை யாரோ ஒருவரின் நெஞ்சில் விலா நிழல் என்று தவறாகப் படிக்கப்படும். டியூட்டி மாறும்போது சாவி ஒப்படைக்கிற நோட்டிலேயே ப்ரோப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: சார்ஜ் எவ்வளவு, வயர் சரியா, முகம் சரியா, பதியாத கிளிப் எத்தனை. டேப்லெட்டுக்கு ஒரு உபரி சார்ஜரும், சுவரில் தலைக்கு மேல் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கியும் போதும். மேஜைமேல் வைத்த ப்ரோப், ஈசிஜி வயரோடு சேர்ந்து கீழே விழும்.